தவுட்டு டாக்டரின் எட்டுத் தொட்டிகள்

மீனைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதைச் சாப்பிடலாமா என்று யோசித்தவர்கள்தான். அது சாப்பிட்டதா என்று யோசித்த ஒரே மனிதர் எங்கள் தவுட்டு டாக்டர். நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. தவுட்டு டாக்டர் என்றால், ஆற்றிக்கொண்டிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதை சொல்வார்கள்.

என் கதை கொஞ்சம் நீளம். ஏனென்றால் நான் அவரிடம் கிளார்க்காக இருந்தவன்.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற வழியில் அந்த மீன் ஆராய்ச்சிப் பண்ணை. இரண்டு குளம், எட்டு சிமென்ட் தொட்டி, ஒரு ஓட்டுக் கட்டடம், அதற்குள் எந்நேரமும் புண்ணாக்கு வாசனை. நான் காஞ்சிபுரத்துக்காரன். பட்டுப் புடவை நெய்கிற குடும்பத்தில் பிறந்து, பரீட்சை எழுதி, அரசாங்க வேலை வாங்கி, கடைசியில் மீனுக்குச் சோறு போடுகிற ஆபீசில் கொண்டுவந்து தள்ளிவிட்டார்களே என்று வந்த அன்றைக்கே மாற்றல் கேட்டு மனு எழுதினேன். அதை டாக்டரின் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால், மனுவின் பின்பக்கத்தில் ஏதோ தீவனக் கணக்குப் போட்டு, அதைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நாலு வருஷம் அங்கேயே இருந்தேன்.

ஆள் ஒல்லி. மதுரைப் பக்கம். ரிட்டயர்மென்ட்டை நெருங்கிவிட்ட வயது. தினமும் காலையில் மொபெட்டின் முன்னால் ஒரு தவுட்டு மூட்டையைக் கிடத்தி, அதன்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு வருவார். சுற்றுவட்டாரத்து ரைஸ் மில் எல்லாவற்றிலும் அவருக்குக் கணக்கு உண்டு. புருவத்தில் தவுடு ஒட்டாமல் நான் அவரைப் பார்த்தது அபூர்வம்.

அவருடைய ஆராய்ச்சி என்னவென்று என்னைப் போன்ற பாமரனுக்கும் விளங்கும்படி சொல்லிவிடுகிறேன். பெரிய பண்ணைகளில் வளர்க்கிற மீனின் தீவனத்தில் வழக்கமாகக் கருவாட்டுத் தூள் சேர்ப்பார்கள். அதாவது, மீனுக்கு மீனையே போட்டு வளர்ப்பது. அது சின்னக் குளத்துக்காரனுக்குக் கட்டாது, கடலுக்கும் நல்லதில்லை என்பது டாக்டரின் கட்சி. தவுடு, கடலைப் புண்ணாக்கு, வயல் தண்ணீரில் பச்சையாக மிதக்கிற அசோலா, இவற்றை வைத்தே ரோகுவையும் கட்லாவையும் மளமளவென்று வளர்த்துக் காட்டுகிறேன் என்று முப்பது வருஷமாக உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருஷம் ஒரே விஷயத்தை நினைத்தால் மனிதன் என்ன ஆவான்? யாரைப் பார்த்தாலும் எடை கேட்பான். என்னிடம் முதல் வாரமே கேட்டார்.

"ஏங்க கிளார்க்கு, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"நாலு இட்லி சார்."

"எடை?"

"எண்பத்தி ரெண்டு."

அப்படியே பிரமித்து நின்றுவிட்டார். "நாலு இட்லிக்கு இந்த வளர்ச்சியா! நீங்க மட்டும் மீனாப் பொறந்திருந்தா எனக்கு எப்பவோ புரமோஷன் கெடைச்சிருக்கும்" என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டலே இல்லை. நிஜமான ஏக்கம்.

டீக்கடையில் அவர் செய்ததும் ஊரறிந்தது. தீவன உருண்டை தண்ணீரில் விழுந்ததும் கரைந்துவிடக்கூடாது, மீன் வந்து கொத்துகிற வரை கட்டுக்குலையாமல் இருக்க வேண்டும். இதற்கு ஆபீசில் கண்ணாடிக் குவளை, ஸ்டாப் வாட்ச் எல்லாம் இருக்கிறது. இருந்தாலும் டாக்டருக்கு டீக்கடையில்தான் சந்தேகம் வரும். ஒரு டம்ளர் தண்ணீரில் தன் உருண்டையையும், இன்னொரு டம்ளர் தண்ணீரில் கடைக்காரர் டீக்குத் தொட்டுக்கொள்ள விற்கிற பொறையையும் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். பொறை ஒரு நிமிஷத்தில் ஊறிப் பிரிந்துவிடும். உருண்டை அசையாது.

"பாத்தீங்களா? உங்க பொறைய விட என் தீவனம் தரமானது" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது சத்தமாகச் சொல்வார்.

"சார், உன் காலுல வுழறேன். டீ குடிக்க வர்றவன் இன்னா நெனச்சிக்குவான்? வேற கட பாத்துக்கோ சார்" என்று கடைக்காரர் கும்பிடுவார். மறுநாள் அவரே கூப்பிட்டு டீ கொடுப்பார். டாக்டர் இல்லாவிட்டால் கடையில் வேடிக்கை ஏது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மரியாதைக்காக வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். என் மனைவி தென்னேரி ஏரி மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். டாக்டர் ரசித்துச் சாப்பிட்டார். அதுவரை எல்லாம் சரிதான். பிறகு நடுமுள்ளை எடுத்துக் குடிக்க வைத்த தண்ணீரில் அலசினார். சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தார். "பாவம்மா இது. குஞ்சா இருந்தப்ப சரியாவே சாப்பிடல. முள்ளுல தெரியுது" என்றார். அவர் மொபெட் தெருமுனை திரும்புகிற வரை காத்திருந்த என் மனைவி, "குழம்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னாரா அந்த மனுஷன்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வரை அதே பேச்சு.

இப்படிப்பட்டவருக்கு சர்வீஸ் முடிய இன்னும் எட்டு மாதம் என்று இருந்தபோதுதான் அந்தக் கடைசிச் சோதனை தொடங்கியது. எட்டுத் தொட்டி. தொட்டிக்கு முப்பது ரோகுக் குஞ்சு. நாலு தொட்டிக்கு டாக்டரின் புதுத் தீவனம், மற்ற நாலு தொட்டிக்கு ஊரில் சின்னக் குளத்துக்காரர்கள் போடுகிற வெறும் தவுடும் புண்ணாக்கும். மூன்று மாதம் கழித்து எடை போட்டுப் பார்த்தால், புதுத் தீவனம் எவ்வளவு உசத்தி என்று தெரிந்துவிடும். சென்னையிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். அவர்கள் தலையாட்டினால் தீவனம் குளத்துக்காரர்கள் கைக்குப் போகும். தலையாட்டாவிட்டால் முப்பது வருஷமும் பீரோவுக்குள் போகும்.

தீவனம் போடுகிறவர் கன்னியம்மா. திருப்புலிவனத்துக்காரர். வயது ஐம்பதைத் தாண்டியவர். காலமெல்லாம் நடவு, களையெடுப்பு என்று வயல் வேலை பார்த்துவிட்டு, முதுகு ஒத்துழைக்காமல் பண்ணையில் தினக்கூலியாகச் சேர்ந்தவர். பண்ணையில் டாக்டரை அதட்டக்கூடிய ஒரே ஆள். "சாரு, வெயில்ல நிக்காத, மயக்கம் போட்டு வுழுந்தா மீனா வந்து தூக்கும்?" என்பார். டாக்டரும் நல்ல பிள்ளையாக நிழலுக்கு வந்துவிடுவார்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வலை போட்டு மீனை எடை போடுவோம். டாக்டர் கூப்பிடக் கூப்பிட நான் எழுதுவேன். முதல் தடவை ஒன்றும் வித்தியாசம் இல்லை. இரண்டாம் தடவை டாக்டர் தராசைத் தட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை புதுத் தராசு வரவழைத்தார். வெறும் தவுடு தின்கிற நாலு தொட்டி மீனும், அவருடைய முப்பது வருஷத்து உழைப்பைத் தின்கிற நாலு தொட்டி மீனும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே எடை.

மனிதர் ஆடிப்போய்விட்டார். தண்ணீரைச் சோதித்தார். தொட்டிமேல் விழுகிற வெயிலை மணிக்கு மணி குறித்தார். காவல்காரரை நிற்க வைத்து, பகலில் தொட்டிப் பக்கம் என்னென்ன பறவை வருகிறது என்று விசாரித்தார். என்னைக்கூட ஒரு மாதிரி பார்த்தார். டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். ஒருநாள் என்னிடம், "முப்பது வருஷமா ஒண்ணுமில்லாததப் போய் உருட்டிக்கிட்டு இருந்தேனா கிளார்க்கு?" என்று கேட்டார். எடை கேட்காமல் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குக் காரணம் தெரியும். மதியம் என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தொட்டிகள் தெரியும். கன்னியம்மா தன் தூக்கைத் திறந்து, பாதிக் கூழைக் கரைத்துத் தான் குடித்துவிட்டு, மீதிக் கட்டியை உருட்டி உருட்டித் தவுட்டுத் தொட்டி நாலிலும் போடுவதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ பாவம், மீனுக்குப் போடுகிறார், நம் ஃபைலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன். சம்பந்தம் உண்டு என்று புரிந்தபோது, இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் கன்னியம்மாவின் வேலையும் போகும். இப்படி நாலு வருஷ கிளார்க்குத் தனத்தையும் சேர்த்து வைத்து ஊமையாக இருந்தேன்.

கடைசியில் டாக்டரே கண்டுபிடித்தார். தவுட்டுத் தொட்டி மீன் ஒன்றை எடுத்து வயிற்றைத் திறந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தவர், நாற்காலி கவிழ எழுந்து வெளியே ஓடிவந்தார். கையில் ஒரு கண்ணாடித் தட்டு.

"கேப்பை! யாரு இங்க கேப்பை சாப்பிடறது? எல்லாரும் வரிசையா வாங்க! காலையில என்ன சாப்பிட்டீங்க? கிளார்க்கு?"

"இட்லி சார்."

"நீங்க?"

"புரோட்டா சார், நேத்து மீந்தது" என்றார் காவல்காரர்.

"கன்னியம்மா?"

"கேவுரு கூழு. இன்னா சார் இப்போ?"

"தொட்டியில போட்டீங்களா?"

"ஆமா, நான்தான் போட்டேன். தொட்டுக்க வெச்ச நெத்திலிக் கருவாட்டையும் கசக்கிப் போட்டேன். வெறுங் கூழு எப்படி எறங்கும்?"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு தொட்டிக் கட்டையில் உட்கார்ந்தார். "கருவாடா! மீனுக்கு மீனைப் போடாம வளக்கறதுக்குத்தான்யா நான் முப்பது வருஷமா மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருக்கேன்! இந்தம்மா நெத்திலியப் போட்டுடுச்சே! ஏம்மா, எதுக்கும்மா போட்டீங்க?"

"எதுக்கா? அந்த நாலு தொட்டிக்கு மணக்க மணக்க உருண்ட போடற. இந்த நாலு தொட்டிக்கு வெறுந் தவுடு. பக்கத்துல பக்கத்துல வெச்சிகினு இப்படியா ஓரவஞ்சன பண்ணுவாங்க? நடவுக்குப் போற எடத்துல, எம்மாம் கஞ்சப் பிசினாரி ஆண்டையா இருந்தாலும், கரமேல குந்தவெச்சி கூழு ஊத்தனான்னா வரிசைல எல்லாருக்கும் ஒரே சொம்புதான். நீ படிச்சவரு. நீயே இப்படிப் பண்ணா?"

"நடுவுல செவுரு இருக்கும்மா. பக்கத்துத் தொட்டியில என்ன போடறாங்கன்னு அந்த மீனுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுதே சார்!"

டாக்டர் கையிலிருந்த கண்ணாடித் தட்டைக் கட்டைமேல் வைத்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "சார், நான் தினமும் பாத்துகினுதான் இருந்தேன். சொல்லாம வுட்டுட்டேன்" என்று உளறிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் நாலு திட்டு வாங்கியிருக்கலாம்.

சென்னை அதிகாரிகள் வர ஐந்து நாள்தான் இருந்தது. பாவத்துக்குப் பரிகாரமாக நான் ஒரு யோசனை சொன்னேன். "சார், கூழு மேட்டரே வேணாம். தவுட்டுத் தொட்டி எடைய மட்டும் கொஞ்சம் எறக்கி டைப் பண்ணிடறேன். யாரு வந்து மீனத் தூக்கிப் பாக்கப் போறாங்க?"

"உங்க வயித்தையும் அப்படியே டைப் பண்ணி எறக்கிட முடியுமா?" என்றார். யோசனை அத்துடன் முடிந்தது.

அதிகாரிகள் வந்தார்கள். டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. கூழ், நெத்திலி எல்லாவற்றையும் சொன்னார். மூவரில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரிக்கவில்லை. "யாரு அந்த லேபர்? இன்னியோட நிறுத்திடுங்க" என்றார். தண்ணீர் பாட்டில் வைக்கப் போன நான் கதவோரம் நின்றுவிட்டேன். வெளியே வேப்பமரத்தடியில் கன்னியம்மா காலித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"எட்டுத் தொட்டிக்கும் சாப்பாடு போடறவங்க அவங்க. எதுக்காக நாலு தொட்டிக்கு மட்டும் கொறைச்சுப் போடறோம்னு அவங்ககிட்ட ஒரு வார்த்த நான் சொல்லல. தப்பு என்னோடது. நிறுத்தறதா இருந்தா என்னை நிறுத்துங்க. இன்னும் அஞ்சு மாசம்தான், பெரிய நஷ்டமில்ல" என்றார் டாக்டர்.

மூவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில், இன்னொரு முறை மூன்று மாதச் சோதனை செய்துகொள்ளலாம், அதற்கு மேல் ஒருநாளும் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் காரில் ஏறினார்கள். ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் ஏதாவது கெட்டால் டாக்டர் வெறுங்கையோடு மதுரைக்குப் போக வேண்டியதுதான்.

புதுக் குஞ்சு வாங்கித் தொட்டியில் விடவே ஒன்றரை மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. இந்தத் தடவை டாக்டர் ஒரு தந்திரம் செய்தார். இரண்டு தீவனத்தையும் ஒரே நிறத்தில், ஒரே அளவு உருண்டையாகப் பிடிக்க வைத்தார். எட்டுச் சாக்கு, எட்டிலும் எண் மட்டும். எந்த எண்ணில் எந்தத் தீவனம் என்பதைக் கன்னியம்மாவிடம் சொல்லவில்லை. தனக்கும் தெரியக்கூடாது என்றார். ஆசைப்பட்டுத் தராசைச் சாய்த்துவிடுவாராம்.

"அப்ப யாருக்குத்தான் சார் தெரியும்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு. எதைப் பாத்தாலும் வெளிய சொல்லாத ஆளு நீங்கதானே?" என்றார்.

இதைவிட நாசூக்காக ஒரு மனிதனைப் பழிவாங்க முடியுமா? பூட்டிய அறைக்குள் நான் ஒருவனாக உட்கார்ந்து சாக்கு நிரப்பினேன். சீட்டில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்து பீரோவில் பூட்டினேன். கன்னியம்மா உருண்டையை மோந்து பார்த்தார், கடித்துக்கூடப் பார்த்தார். "ஒண்ணும் பிரியல. சார், மெய்யாலுமே ஒனக்கும் தெரியாதா?" என்று டாக்டரைக் கேட்டார்.

"சத்தியமாத் தெரியாதும்மா. கிளார்க்குக்குத்தான் தெரியும்."

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது பேஜார். தொட்டிப் பக்கம் போனால் கன்னியம்மா தொட்டியைப் பார்க்க மாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். எந்தத் தொட்டியை நான் பரிதாபமாகப் பார்க்கிறேன் என்று கண்டுபிடிக்கத்தான். அதற்குப் பயந்து எட்டுத் தொட்டிக்கும் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவன் மாதிரி ஒரே சிரிப்பாகச் சிரித்துக்கொண்டு போவேன். ஒருநாள் டாக்டரும் மரத்துக்குப் பின்னால் நின்று என் முகத்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டேன். "சார், நீங்களுமா?" என்றேன். "கொக்கு வருதான்னு பாத்தேன்" என்றார்.

அதுகூடப் பரவாயில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது, எட்டாவது. வெறும் தவுட்டு உருண்டை போகிற இந்த நாலு எண்ணும் என் தூக்கத்தைக் கெடுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. மீன் வாசனையே ஆகாமல் மாற்றல் கேட்டவன் நான். ஒருநாள் டிபன் பாக்ஸோடு ஐந்தாவது தொட்டிக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். நிழல் விழுந்ததும் முப்பது வாய் மேலே வந்து திறந்து திறந்து மூடியது. என் கை இட்லியைப் பிய்த்துவிட்டது. பிய்த்தது பிய்த்தபடி அப்படியே இருந்தேன். பிறகு அந்தத் துண்டை என் வாயிலேயே போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். கன்னியம்மா அன்றைக்கு 'எனக்குத் தெரியுதே' என்றது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூன்று மாதம் முடிந்தது. சர்வீஸில் டாக்டருக்கு மிச்சம் ஒன்பது நாள். காலையிலேயே எடை போட்டு முடித்தோம். நாலு தொட்டி ஒரு மாதிரி, நாலு தொட்டி வேறு மாதிரி, கண்ணாலேயே தெரிந்தது. அதிகாரிகளில் சிரித்தவர் மட்டும் வந்திருந்தார். அவர் முன்னால் அரக்கை உடைத்து உறையைப் பிரித்துச் சீட்டை டாக்டரிடம் கொடுத்தேன்.

பெரிய மீனெல்லாம் புதுத் தீவனத்துத் தொட்டியில். ஒன்றுகூட மாறவில்லை. அதிகாரி எழுந்து கை கொடுத்தார். முப்பது வருஷத்துக்கு ஒரு மனிதன் துள்ள வேண்டாமா, ஒரு சிரிப்பாவது சிரிக்க வேண்டாமா? டாக்டர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அறைக்குள் போனார். புதுத் தீவனச் சாக்கு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அறுபது வயது ஆள், அவர் எடைக்குப் பாதி எடை அந்தச் சாக்கு. நேராக இரண்டாவது தொட்டிக்குப் போய், அளவெல்லாம் பார்க்காமல் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டார். பிறகு மூன்றாவது. பிறகு ஐந்தாவது.

"ஒவ்வொரு சோதனை முடிஞ்சதும் இப்படித்தான் போடுவேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. எழுதிடாதீங்க கிளார்க்கு."

கன்னியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிட்டே வந்தார். "இத்த மூணு மாசத்துக்கு முன்னாடியே போட்டிருந்தா இன்னா சார்?"

"தப்புதாம்மா" என்றார் டாக்டர்.

எட்டாவது தொட்டிக்கு நானும் ஒரு கை அள்ளிப் போட்டேன். மீன்கள் குதித்துத் தின்பதைப் பார்த்தபடி அந்த ஒல்லி மனிதர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தவுட்டுத் தூசி விழுந்துவிட்டது என்றார். அவரை விட்டு மாற்றலாகிப் போக எனக்கு எப்போதோ மனசில்லாமல் போய்விட்டது என்பதை அவரிடம் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வழக்கம் போல நான் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.